மதகுக்குப் பேர் இல்லாத மேப்

2024 டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை. ஃபெஞ்சல் புயல் நம்ம புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்து மூணு நாள் ஆகியிருந்தது. 24 மணி நேரத்துல 48 சென்டிமீட்டர் மழை. அது வடியறதுக்குள்ள சாத்தனூர் அணையில 1.68 லட்சம் கன அடி திறந்துட்டாங்கன்னு சேதி வந்துச்சு. சாத்தனூர் இருக்கிறது திருவண்ணாமலை மாவட்டத்துல. ஆனா அங்க திறந்துவிட்டா தென்பெண்ணை வழியா வந்து நிக்கிற இடம் எங்க பாகூர் பக்கத்து வயக்காடு.

அன்னிக்கு மத்தியானம் வில்லியனூர் பக்கமிருந்து ஒரு வேன் வந்துச்சு. உள்ள சோத்துப் பொட்டலம், தண்ணி கேன், நாலு பசங்க. "அண்ணா, ஃபோன்ல டவரே இல்ல, அந்தக் குடியிருப்புக்கு எப்படிப் போறது?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன்: "மெயின் ரோட்டுல போகாதீங்க. வாய்க்கால் கரையோட போயி மூணாவது மதகுல இடது பக்கம் திரும்புங்க." சொல்லி முடிச்சப்பறம்தான் உறைச்சுது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணி. ரோடு எது, வாய்க்கால் எது, வயல் எதுன்னு பிறந்து வளர்ந்த எனக்கே சந்தேகம். இவங்க எங்க போயி மூணாவது மதகை எண்ணுவாங்க?

வீட்டுல ஒரு கையடக்க ஜிபிஎஸ் கருவி கெடந்துது. மலையேறப் போற சென்னை நண்பர் ஒருத்தர் புதுசு வாங்கினப்ப பழசை என்கிட்ட தள்ளிவிட்டது. பென்சில் பேட்டரி ரெண்டு போட்டா ஒரு நாள் முழுக்க ஓடும், நனைஞ்சாலும் சாகாது. ஓடிப்போயி எடுத்துட்டு வந்து ஆன் பண்ணேன். வானத்துல இருக்கிற சாட்டிலைட்டைக் கரெக்டா பிடிச்சுது. நாங்க நிக்கிற இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் காட்டுச்சு. திரைக்கு நடுவுல ஒரு அம்புக்குறி. சுத்தி வெள்ளை. அவ்வளவுதான். உள்ள இருந்தது உலகம் முழுக்கக் காட்டுற பொது மேப். அதுல கடற்கரைக் கோடு இருந்துச்சு, பெரிய ரோடு ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. எங்க ஊரு இல்ல.

கடைசில நானே வேன்ல ஏறி உக்காந்து வழி காட்டினேன். அந்த வண்டி போய்ச் சேர்ந்துடுச்சு. அதுக்குப் பின்னாடி வந்த வண்டிங்களுக்கு யாரு ஏறி உக்காருவா?

இதை ஏன் இவ்வளவு நாள் கழிச்சு எழுதுறேன்னா, அந்த வெள்ளைத் திரை இப்ப வெள்ளையா இல்ல. அதுல எங்க ஏரி இருக்கு, ஏரிக்கரை இருக்கு, பங்காரு வாய்க்கால் இருக்கு, அதுலேருந்து பிரியற கிளை வாய்க்கால் இருக்கு, மதகு ஒவ்வொண்ணும் ஒரு சின்ன நீலப் புள்ளியா இருக்கு. கருவி செஞ்ச கம்பெனிகிட்ட காசு கொடுத்து வாங்கின மேப் இல்ல இது. நாங்களே சுட்டு ஏத்தின மேப். இதுல எனக்கு ஒரு கருத்து இருக்கு, அதைச் சொல்றதுக்கு முன்னாடி எப்படி ஏத்தினோம்னு சொல்லிடறேன், இல்லன்னா வெறும் பேச்சாப் போயிடும்.

அண்ணன் மகன் பொங்கலுக்கு வந்திருந்தான். விழுப்புரத்துல குனு/லினக்ஸ் பயனர் குழுன்னு ஒண்ணு ரொம்ப வருஷமா கிராமத்துப் பிள்ளைங்களுக்குக் கணினி சொல்லிக்கொடுத்துட்டு இருக்கு, அங்க போயி வந்த பழக்கத்துல லினக்ஸ் தவிர வேற எதையும் தொட மாட்டான். நான் கருவியைக் காட்டி, "இதுக்கு மேப் ஏத்துற சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடுமாம், உன் லேப்டாப்புல ஆகாது"ன்னேன். அவன் சிரிச்சான். "சித்தப்பா, இதைக் கேபிள்ல சொருகினா பென்டிரைவ் மாதிரிதான் தெரியும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபைல்."

அது உண்மைதான். கார்மின் மாதிரி கைக்கருவிங்க படிக்கிற மேப் ஒரு தனி வடிவத்துல இருக்கும், ஐ.எம்.ஜி.ன்னு முடியற ஃபைல். அந்த வடிவம் எப்படி அமைஞ்சிருக்குன்னு கம்பெனி வெளில சொல்லல; உலகத்துல ஆர்வமுள்ளவங்க சேர்ந்து உள்ளாற குடைஞ்சு கண்டுபிடிச்சாங்க. அதை வெச்சு எழுதினதுதான் எம்கேஜிமேப்ங்கிற இலவச மென்பொருள். ஜாவா இருந்தா லினக்ஸ்ல அப்படியே ஓடும். அதுக்குத் தீனி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். விக்கிப்பீடியாவை எல்லாரும் சேர்ந்து எழுதுற மாதிரி எல்லாரும் சேர்ந்து வரையற உலக மேப், 2004-ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது. ஜியோஃபேப்ரிக்னு ஒரு ஜெர்மன் கம்பெனி அதை நாடு நாடா, இந்தியாவைன்னா மண்டலம் மண்டலமா வெட்டி தினம் தினம் புதுப்பிச்சு இலவசமா வெச்சிருக்கு. தென் மண்டலத்தை இறக்கினோம். ஃபைல் பெருசுதான், எங்க ஊரு நெட்டுக்கு ஒரு ராத்திரி ஆச்சு.

மொத்தத்தையும் ஏத்த வேண்டியதில்ல. ஆஸ்மியம்னு இன்னொரு கருவியால நம்ம பகுதியை மட்டும் கேக் மாதிரி வெட்டினான்: மேற்க 79.55, கிழக்க 79.90, தெற்க 11.70, வடக்க 12.10. பாகூர், வில்லியனூர், ஊசுட்டேரி, கீழ கடலூர் ஓரம், எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள அடங்கிடும். பெரிய பகுதின்னா ஸ்ப்ளிட்டர்னு ஒண்ணு போட்டுத் துண்டு போடணுமாம், இவ்வளவு சின்னதுக்குத் தேவைப்படல. எம்கேஜிமேப்புக்கு ஒரு வரி கட்டளை. நான் காபி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள சில எம்.பி.யில ஒரு ஃபைல் வந்து நின்னுச்சு. அதை மெமரி கார்டுல கார்மின்ங்கிற ஃபோல்டர்ல போட்டோம். முடிஞ்சுது.

ரெண்டே ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, மேப்பைக் கருவியோட சொந்த மெமரியில போடாம தனி மெமரி கார்டுல போடுங்க. நான் ஒரு தடவை ஆர்வக்கோளாறுல 'அன்மவுன்ட்' பண்ணாமலே கேபிளைப் பிடுங்கிட்டேன். ஃபைல் பாதி எழுதி நின்னுபோயி, கருவி ஆரம்பத் திரையிலயே உறைஞ்சு கெடந்துது. கார்டைக் கழட்டினதும் உயிர் வந்துச்சு. சொந்த மெமரியில போட்டிருந்தா அழுதிருப்பேன். ரெண்டாவது, பழசு வாங்குறவங்க அந்த மாடல்ல மேப் ஏத்த முடியுமான்னு பாத்து வாங்குங்க. ரொம்ப மலிவான சிலதுல முடியாது.

இனிமேதான் விஷயமே. மேப்பை ஏத்தி வயலுக்கு எடுத்துட்டுப் போனேன். ரோடெல்லாம் இருந்துச்சு. கோயில் இருந்துச்சு. பாகூர் ஏரி பெருசா நீலமா இருந்துச்சு. ஆனா எங்க வயலுக்குத் தண்ணி வர்ற கிளை வாய்க்கால் இல்ல. மதகு இல்ல. கலங்கல் இல்ல. ஃபோன்ல இருக்கிற பெரிய கம்பெனி மேப்பை வீட்டு வைஃபையில திறந்து பாத்தேன், அதுல நிலைமை இன்னும் மோசம்: எங்க ஊர்ல யாரும் கேள்விப்படாத பியூட்டி பார்லர் இருக்கு, நூறு ஏக்கருக்குத் தண்ணி திருப்பிவிடற மதகு இல்ல.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. மேப் யாருக்காக வரையறாங்களோ அவங்களுக்கு வேண்டியதுதான் அதுல இருக்கும். கார் ஓட்டுறவனுக்கு வேண்டியது ரோடு, பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை. எங்க ஊரை வரையறவங்க காருக்குள்ள உக்காந்துதான் பாக்குறாங்க. ஆனா எங்க ஊரோட எலும்புக்கூடு ரோடு இல்லீங்க, தண்ணி. புதுச்சேரி பகுதியில 84 ஏரி இருக்குன்னு கணக்கு. அதுல ஊசுட்டேரிக்கு அடுத்த பெருசு எங்களோடது. ஏரி, அதோட வரத்து வாய்க்கால், மதகு, கிளை, கடைமடை, வடிகால். இந்த வரிசையிலதான் எங்க ஊருங்களே உக்காந்திருக்கு. ரோடு அப்பறம் வந்தது.

இதுல இன்னொரு சிக்கல், எங்க எல்லை. வெளியூர் நண்பர்களுக்கு இது புரியவே புரியாது. புதுச்சேரிங்கிறது ஒரே துண்டு நிலம் இல்ல. பிரெஞ்சுக்காரன் கையில எந்தெந்த ஊரு இருந்துச்சோ அதெல்லாம் புதுச்சேரி, நடுவுல தமிழ்நாடு. 1954-ல அவன் கிளம்பினப்பறமும் அந்தக் கோடு அப்படியே நின்னுபோச்சு, கொம்யூன்ங்கிற பேரு மாதிரி. ஒரே ரோட்டுல பைக்ல போனா நாலு தடவை மாநிலம் மாறும். ஊசுட்டேரியில பாதித் தண்ணி எங்களோடது, பாதி தமிழ்நாட்டோடது. பறவைகள் சரணாலயம்னு ரெண்டு அரசும் தனித்தனியா அறிவிச்சாங்க, நாரைக்கு எந்தப் பாதியில இறங்கறோம்னு தெரியுமா என்ன? பங்காரு வாய்க்கால் கிளம்பறது சொர்ணாவூர் அணைக்கட்டுல, அது விழுப்புரம் மாவட்டம். வந்து சேர்றது பாகூர் ஏரியில. பங்காரி, சிங்காரின்னு ரெண்டு தாசிங்க தங்க சம்பாத்தியத்தைப் போட்டு வெட்டின வாய்க்கால்னு ஊர்ல கதை சொல்லுவாங்க. கதை எப்படியோ, வாய்க்கால் ரெண்டு மாநிலத்துல ஓடுது. அரசாங்க மேப் எதுவா இருந்தாலும் எல்லை வந்ததும் கோடு நின்னுடும். தண்ணி நிக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புல எனக்குப் பிடிச்சதே இதுதான்: வரையறவன் எல்லையைத் தாண்டி வரைஞ்சுட்டே போகலாம், ரெண்டு இலாகாகிட்ட கெஞ்ச வேண்டியதில்ல.

அதனால நடக்க ஆரம்பிச்சோம். இதுக்குக் குறுக்கு வழி கிடையாது. கூகுள் மேப்பைப் பாத்துக் காப்பி அடிக்கக் கூடாது, அது அவங்க சொத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புல கண்டுபிடிச்சா நீக்கிடுவாங்க. அனுமதி கொடுத்திருக்கிற பிங் சாட்டிலைட் படத்தை வெச்சு வரையலாம். ஆனா ஆகாயத்துலேருந்து பாத்தா புதர் மூடின வாய்க்காலும் வரப்பும் ஒரே மாதிரி தெரியுது. கருவியைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வாய்க்கால் கரையோட நடந்தா, நடந்த தடத்தை அதுவே கோடாப் பதிஞ்சுக்கும். சாயங்காலம் லேப்டாப்புல சொருகி, ஜோஸ்ம்ங்கிற மென்பொருள்ல திறந்தா நம்ம தடம் தெரியும். அது மேல வாய்க்காலை வரைஞ்சு ஏத்திட்டா, ரெண்டு நாள்ல ஜியோஃபேப்ரிக் ஃபைல்ல வந்துடும். திரும்ப வெட்டி, திரும்ப சுட்டு, கார்டுல போட்டா நேத்து நடந்தது இன்னிக்குத் திரையில.

எம்கேஜிமேப்புல ஸ்டைல் ஃபைல்னு ஒண்ணு இருக்கு. எந்தப் பொருள் எவ்வளவு கிட்ட போனா தெரியணும், எந்தக் குறியில தெரியணும்னு நாமே எழுதிக்கலாம். பையன் அதுல வாய்க்காலை மாநில நெடுஞ்சாலை அளவுக்குத் தூரத்துலேருந்தே தெரியற மாதிரி மாத்தினான். மதகுக்கு நீலப் புள்ளி வெச்சான். அன்னிக்குத் திரையைப் பாத்தப்ப எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. முதல் தடவையா எங்க ஊரு எனக்குத் தெரிஞ்ச மாதிரியே ஒரு மேப்புல இருந்துச்சு.

நடந்ததுல ரெண்டு இடத்துல வாய்க்கால் பாதியில காணாமப் போச்சு. நடந்துட்டே வர்றோம், திடீர்னு செங்கல் தூண், கலர் கொடி, மனை விற்பனைக்கு. அந்தப் பக்கம் போயி தேடினா நூறு மீட்டர் தள்ளி வாய்க்கால் மறுபடி ஆரம்பிக்குது. நடுவுல தூர்த்துட்டாங்க. யாரு, எப்பன்னு நான் எழுதப்போறதில்ல, அதுக்கான இடம் வேற. ஆனா ஒண்ணு சொல்றேன்: அந்த மனை விக்கிறவங்க பளபளன்னு அச்சடிச்சுக் கொடுக்கிற வரைபடத்துல ரோடு இருக்கு, பூங்கா இருக்கு, வாய்க்கால் இல்ல. வாங்க வர்ற சென்னைக்காரர் ஃபோனைத் திறந்து பாக்குறார், அதுலயும் இல்ல. அவர் மேல தப்பு சொல்ல முடியாது. அடுத்த புயல்ல தண்ணி அவர் ஹால்ல வந்து நிக்கும்போதுதான் அவருக்கு எங்க வாய்க்காலோட அறிமுகம் கெடைக்கும். சர்வே இலாகா ஆவணத்துல அந்த வாய்க்கால் இருக்கும்னு எனக்கும் தெரியும். ஆனா மனை பாக்க வர்றவன் எவன் இலாகாவுக்குப் போறான்? எல்லாரும் பாக்குற மேப்புல இல்லாதது, ஊர் கண்ணுலேருந்தே மெதுவா மறைஞ்சுடுது.

இதைச் சொன்னதும் எங்க பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார், அதுக்கு இன்னிக்கு வரைக்கும் முழுசா பதில் இல்ல என்கிட்ட. "ஏன்டா, எல்லாத்தையும் ஊருக்குத் தெரியற மாதிரி போட்டா, பிளாட் போடுறவனுக்கும்தானே தெரியும்? எது பொறம்போக்கு, எது கேக்க ஆளில்லாத எடம்னு அவனுக்கு நீயே காட்டிக்கொடுக்கிறியா?" நியாயமான பயம்தான். நான் சொன்னது: "அவங்களுக்கு இதெல்லாம் ஏற்கனவே தெரியும் பெரியப்பா. அவங்ககிட்ட சர்வேயர் இருக்கார், டிரோன் இருக்கு. தெரியாம இருக்கிறது நம்ம பிள்ளைங்களுக்குத்தான்." அவர் முழுசா ஒத்துக்கல. ஆனாலும் அவர் சொன்னதுல ஒரு பாதியை எடுத்துக்கிட்டோம். பொதுச் சொத்தை மட்டும் போடுறோம்: வாய்க்கால், ஏரி, குளம், மதகு, சுடுகாட்டுப் பாதை, வெள்ளத்துல மேடா நிக்கிற பள்ளிக்கூடம், கோயில். தனியார் போர்வெல், யார் வீடு எது, இதெல்லாம் போடல.

நம்பாதீங்கன்னும் ஒண்ணு சொல்லணும். மேப் வந்த சேதி பரவினதும் ரெண்டு பேர் வரப்புத் தகராறோட வந்துட்டாங்க, "உன் மெஷினை வெச்சு எங்க எல்லை எதுன்னு சொல்லு"ன்னு. கையெடுத்துக் கும்பிட்டேன். இந்தக் கருவி திறந்த வெளியில 3 மீட்டர்லேருந்து 5 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். எங்க பக்கம் ஒரு குழிங்கிறது 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. அதாவது ஒரு பக்கம் ஏழே சொச்சம் மீட்டர். பாதிக் குழி தள்ளிக் காட்டுற மெஷினை வெச்சு பங்காளிச் சண்டை தீர்த்தா என் மண்டைதான் உடையும். வெள்ளத்துலயும் அப்படித்தான், கோட்டை மட்டும் நம்பி சக்கரத்தை விடக்கூடாது. இந்த எடத்துல வாய்க்கால் இருக்கு, மெதுவாப் போ, எறங்கிக் கம்பை ஊணிப் பாருன்னு சொல்றதுக்குத்தான் மேப்.

நகரத்து நண்பர்கள் கேக்கப்போறது தெரியும்: "இதுக்கு எதுக்குத் தனிக் கருவி, ஃபோன்லயே ஆஃப்லைன் மேப் வருமே?" வரும். ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ரெண்டுமே இதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலை ஃபோன்ல இறக்கி வெச்சுக்கும், டவர் இல்லாமலே வேலை செய்யும். கருவி இல்லாதவங்க இன்னிக்கே இறக்கி வெச்சுக்குங்க, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் அடிச்சப்ப எங்க ஊர்ல எத்தன நாள் கரண்ட் இல்லாம இருந்தோம்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ஃபோன் முதல் நாளே செத்துடும். பென்சில் பேட்டரி பெட்டிக்கடையில கெடைக்கும். ஈரக் கையால ஃபோன் திரையைத் தொட்டுப் பாருங்க, கருவியில பட்டன். அப்பறம், ஃபோன் நாம எங்க இருக்கோம்னு நாலு பேருக்குச் சொல்லிட்டே இருக்கும். இது வானத்தைக் காது கொடுத்துக் கேக்கும், யார்கிட்டயும் வாய் திறக்காது.

ஒரு வருத்தம் மட்டும் பாக்கி. இந்த மாதிரிக் கைக்கருவியில தமிழ் எழுத்து வர்றதில்ல. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புல தமிழ்ப் பேரும் போட்டு வெச்சிருக்கோம், ஃபோன்ல அழகாத் தெரியுது. கருவிக்குச் சுடும்போது மட்டும் ஆங்கிலப் பேரை முன்னாடி எடுக்கச் சொல்லி ஒரு கட்டளை சேர்க்க வேண்டியிருக்கு. ஆலமரத்து மதகுங்கிறதை இங்கிலீஷ் எழுத்துல பாத்தா எங்க பெரியப்பா, "இது யாரு ஊரு?"ங்கறார்.

பேரைப் பத்திச் சொன்னதும்தான் ஞாபகம் வருது. வாய்க்கால் கோடு வரையறது சுலபம், நடந்தா வந்துடும். பேரு வராது. ஒவ்வொரு மதகுக்கும், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பேரு இருந்துச்சு, அது எந்த ஆவணத்துலயும் தேடி எடுக்கிற மாதிரி இல்ல, தண்ணி பாய்ச்சின ஆளுங்க வாயிலதான் இருந்துச்சு. எங்க பக்கத்துல அப்படி மிச்சம் இருக்கிற பெரியவருக்கு எண்பதுக்கு மேல ஆகுது. காது மந்தம், கண்ணும் சரியில்ல. ஆனா கரையில நிறுத்தினா கம்பால தட்டித் தட்டி, இது இன்னாரு மதகு, இது பனைமரத்து மடைன்னு சொல்றார், பனைமரம் போயி முப்பது வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் பதினோரு மதகுக்குப் பேர் வாங்கியாச்சு. மேற்குக் கரையில நாலு பாக்கி. நாத்து நடவு முடிஞ்சதும் வர்ற ஞாயித்துக்கிழமை அவரை டிராக்டர்ல ஏத்திக்கிட்டுப் போறோம். மத்தியானம் அவர் வீட்டுல கறிக்கொழம்பாம், அதை இப்பவே சொல்லி அனுப்பிட்டார்.